வெண்டைக்காய்க்குள் ஒரு சொல்

மஞ்சணத்திப்பாறைச் சந்தையில் காயைக் காதில் வைத்துக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அது எந்த வீட்டுக்குப் போகிறதோ, அந்த வீட்டில் அன்று மாலை பேசப்போகும் பேச்செல்லாம் அதற்குள் கேட்கும். பூசணியில் சிரிப்பு கேட்டால் விலை பேசாமல் தூக்கிக்கொண்டு போவார்கள். வாடிய கீரையில் பேச்சு குழறும், யாரும் தொடமாட்டார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிற பழக்கமெல்லாம் அங்கே எப்போதோ ஒழிந்துபோனது.

அரிசி ஆலையில் வேலை பார்க்கும் அம்பலவாணன் பதினாறு நாளைக்கு முன் ஓர் அவசரத்தில் பாகற்காயைக் கேட்காமலே வாங்கிவிட்டார். அதற்குள் இருந்த பேச்சு மாலையில் அவர் வாய்வழியே வந்தது. மனைவி செண்பகவல்லியின் செத்துப்போன அப்பாவைப் பழிக்கும் பேச்சு.

"கேட்டுட்டுத்தானே வாங்கியாந்தீங்க?" என்றாள் அவள்.

"சத்தியமா கேக்கல."

"கேக்காம காய் வாங்குற மனுஷன் உலகத்துல உண்டா?"

அதுதான் கடைசி. பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

இன்றும் அவர் கூடை கூடையாகக் கேட்டார். கத்தரிக்காயில் கரண்டிச் சத்தம். புடலையில் மின்விசிறி. முருங்கைக்காயில் அவருடைய இருமலே.

"என்னண்ணே, இன்னிக்கும் கரண்டிதானா?" காய்க்காரி மரகதம் சிரித்தாள். "முள்ளங்கி வாங்கிட்டுப் போங்க. மச்சினனாவது வந்து நாலு வார்த்தை வைவான்."

அவர் வெண்டைக்காய்க் கூடையின் அடிவரை கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். நாற்பதாவது காயோ என்னவோ, காதில் வைத்ததும் சந்தை இரைச்சல் அடங்கிப்போனது. கிணற்றை எட்டிப் பார்த்தாற்போல் ஓர் ஆழம். அதன் அடியில் அவள் மூச்சு. பிறகு அவள் குரல்.

"இளசுதான்."

ஒரே சொல். சந்நிதித் திரை விலகினாற்போல் அப்படியே நின்றார். பின்னால் நின்றவர்கள் தள்ளாமல் காத்திருந்தார்கள்.

"ஒத்தக் காயா? கொழம்புல வல போட்டுத்தான் தேடணும்" என்றபடி மரகதம் அதை இலையில் சுற்றிக் கொடுத்தாள்.

மாலையில் செண்பகவல்லி அந்தக் காயைக் காதில் வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு நறுக்கிப் போட்டாள். குழம்பு கொதித்தது. அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்து, சுண்டுவிரல் நுனியைப் பெருவிரலால் வளைத்தாள். மளுக்கென்று ஒடிந்தது.

"இளசுதான்" என்றாள்.

ஒடிந்த இடத்தில் வெள்ளை விதைகள் வரிசையாக இருந்தன. அம்பலவாணன் கொஞ்சம் நகர்ந்து, அவள் தட்டுக்கும் இடம் விட்டார்.