ஜாங்கோவா, ரியாக்ட்டா

பூந்தமல்லி டயாலிசிஸ் மையத்துக்கு ஒரு வலைச் செயலி தேவைப்பட்டது. நோயாளிகள் வீட்டிலிருந்தே தங்கள் முறையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதை எதில் எழுதுவது என்று அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்ன மென்பொருள் அலுவலகம் ஒன்றில் ரெனிதாவும் ரூபஸும் முட்டிக்கொண்டிருந்தார்கள். ரெனிதா ஜாங்கோ பக்கம். பக்கத்தைச் சர்வரே முழுதாகத் தயாரித்து அனுப்பிவிடும், பழைய போனிலும் சட்டென்று திறக்கும் என்பாள். போனுக்குள்ளேயே பக்கத்தை உருவாக்கும் ரியாக்ட்டை விட்டு ரூபஸ் இறங்கவில்லை. முதலாளி ஸ்ரீகாந்த், "ஆளுக்கொண்ணு செஞ்சு அங்கியே கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார்.

மையத்தில் கணவருக்காகக் காத்திருந்த நாகம்மா தன் போனைக் கொடுத்தாள். ரூபஸின் பக்கம் வெள்ளையாகவே வெகுநேரம் நின்று பிறகுதான் வந்தது. ரெனிதாவின் பக்கம் தொட்டதும் திறந்தது. அவன் முகம் சுண்டிப்போய் டீ குடிக்கப் போனான்.

நாகம்மா ரெனிதாவின் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி விவரங்களை அடித்தாள். பட்டனை அழுத்தும்போது சிக்னல் போயிற்று. அடித்ததெல்லாம் காணோம்.

"பூட்ச்சா? மறுக்கா மொதல்லேர்ந்து அடிக்கணுமா? கண்ணு வலிக்குதும்மா."

ரெனிதாவுக்குச் சுருக்கென்றது. தானே ரூபஸின் பக்கத்தில் அதே விவரங்களை அடித்து, நெட்டை அணைத்துப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தன. நெட் வந்ததும் தானாகப் போய்ச் சேர்ந்தன.

ரூபஸ் இதைப் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டால் ஜெயித்தது அவள்தான். ரியாக்ட் அவளுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனாலும் அம்பத்தூர் பஸ்ஸில் ஏறும்போதே முடிவெடுத்துவிட்டாள்.

"ரியாக்ட்லயே பண்ணலாம் சார்," என்றாள் ஸ்ரீகாந்திடம், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு. "ஆனா மொதல் பக்கம் அவ்ளோ கனமா இருக்கக் கூடாது. அத்த நான் பாத்துக்கறேன்."

"உனக்குத்தான் ரியாக்ட் வராதே."

"கத்துக்கறேன்."

ரூபஸ் அவளையே பார்த்தான். "இன்னா ரெனி, நெசமாவா?"

"நாற்காலிய இப்படி இழு. மொதல்லேர்ந்து சொல்லு."

முதல் வாரம் திரை முழுக்கச் சிவப்புப் பிழைகள். அவள் அசரவில்லை. தேவையற்றதை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தாள். ரூபஸ் ஆசையாகச் சேர்த்திருந்த அசையும் படங்களையும் விட்டுவைக்கவில்லை. அவன் முனகினான், ஆனால் தடுக்கவில்லை. செயலி மையத்துக்குப் போன நாளில் பழைய போன்களிலும் பக்கம் தாமதமின்றித் திறந்தது. அடுத்த வேலைக்கும் எதில் எழுதுவது என்று அவர்கள் சண்டை போட்டார்கள். இந்த முறை ரெனிதாவுக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது.