டபுள் பேஸும் நாற்பத்து மூன்றாவது சோதனையும்

என் கணவர் அழகேசன் ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் ஃபேக்டரியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போகாது. வீட்டிலும் அதே கதைதான். இட்லிக் குக்கர் வாங்கிய அன்று அதை மூன்று முறை காலியாகக் கொதிக்கவிட்டு, நான்காவது முறைதான் மாவு ஊற்ற என்னை அனுமதித்தார். அப்படிப்பட்டவரிடம் போய், "என் டபுள் பேஸை பெரம்பூருக்கு எடுத்துட்டுப் போக ஒரு வண்டி பாருங்க" என்று வாயைவிட்டேன். தப்பு என்மேல்தான்.

டபுள் பேஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வயலினை ஆறடிக்கு வளர்த்து, தரையில் நிமிர்த்தி வைத்தால் அதுதான். முன்பு எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தது. கீபோர்டு வந்ததும், இடத்தை அடைக்கிறது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினோரு வருடமாகக் குவார்ட்டர்ஸ் ஹாலில், ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றுகொண்டு தனியாக வாசிக்கிறேன். இந்த வாத்தியத்தைத் தனியாக வாசிப்பது ஒரு வேதனை. பேஸின் வேலை உம் கொட்டுவது. யாராவது கதை சொல்ல வேண்டும், இது உம், உம் என்று கேட்க வேண்டும். பதினோரு வருடமாக எனக்கு யாரும் கதை சொல்லவில்லை. நான் மட்டும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நிலையில்தான் பெரம்பூரிலிருந்து வித்யா என்ற பெண் போன் செய்தார். ஸ்டேஷனை ஒட்டிய ஒரு ஹாலில் ஞாயிறுதோறும் கூடும் வாத்தியக் குழுவை நடத்துகிறவர். பதினாறு வயலின் இருக்கிறதாம். பேஸ் வாசித்தவர் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டாராம்.

"மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உங்க பேஸோட வந்து வாசிச்சுக் காட்டுங்க மேடம். பத்தரைக்கு இன்னொருத்தர் வர்றார். இருக்கிறது ஒரே இடம்" என்றார்.

இந்த வாய்ப்பு போனால் இன்னொரு பேஸ்காரர் கனடா போகும்வரை காத்திருக்க வேண்டும்.

வாசலில் கீரை விற்றுக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "இதுக்கு இன்னாத்துக்கும்மா வண்டி? ரயில்ல வெண்டர் பொட்டில ஏத்திக்கினு போ. நான் தெனம் நாலு மூட்ட கீரய ஏத்திக்கினு வரல? உன் பொம்ம இன்னா, கீரயவிடவா கனமா கீது?"

"அதுக்கு ட்ரையல் ரிப்போர்ட் இல்லம்மா" என்றார் என் கணவர்.

"கீரைக்கும்தான் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் என் கணவர். உறுப்பினர் ரகுநாதன், வெல்டிங் பிரிவில் ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர். இருவரும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு அம்சங்கள் கொண்ட சோதனைத் தாள் ஒன்றைத் தயாரித்தார்கள். பதினேழாவது அம்சம் எனக்கு இப்போதும் மனப்பாடம்: "ஆய்வு வசதிக்காகத் தந்திகள் பின்கதவை நோக்கியிருத்தல் வேண்டும்."

சோதனைக்கு என் பேஸைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ராணுவ வண்டியைச் சோதிக்கும்போது சிப்பாய்களுக்குப் பதிலாக மணல் மூட்டை வைப்பார்களாம். அதுபோல பேஸுக்குப் பதிலாக ஒரு மாற்றுச் சுமை வேண்டும் என்று பேசினார்கள். சுமை ஆறடி உயரம் இருக்க வேண்டும், நடுவில் அகலமாக இருக்க வேண்டும். இருவரும் சற்று நேரம் யோசித்தார்கள். பிறகு என் கணவர் ரகுநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"பேஸ் பன்னெண்டு கிலோ. இவர் எண்பத்தி நாலு" என்றேன்.

"ஏழு மடங்கு பாதுகாப்பு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

முதலில் ஷேர் ஆட்டோ. ரகுநாதனின் தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் கள்ளிக்குப்பம் தாண்டுவதற்குள் தள்ளுபடி ஆனது. அடுத்தது பள்ளிக்கூட வேன். சீட்டுகளைக் கழற்ற மறுத்துவிட்டார்கள். அமரர் ஊர்தி என்றால் அளவு கச்சிதமாக இருக்கும் என்று ரகுநாதனே சொன்னார். படுத்தும் பார்த்துவிட்டார். நான் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டியதால் அது கைவிடப்பட்டது.

கடைசியில் பூந்தமல்லி ஷவுகத் அலி பாய் வந்தார். பீரோ, கட்டில் ஏற்றும் மூடிய குட்டி யானை வண்டி அவருடையது. ரகுநாதனை உள்ளே சாய்வாகப் படுக்கவைத்து, கயிற்றால் கட்டி, வயிற்றின்மேல் ஒரு டம்ளர் டீயை வைத்து, அம்பத்தூர் ஓ.டி. வழியாகக் கொரட்டூர் வரை ஓட்டினார்கள். வாத்தியம் பேசாது என்பதால் அவரும் பேசக் கூடாது என்பது விதி. கொரட்டூர் வேகத்தடையில் மட்டும் "ஐயோ" என்றார். அது 'சிறு சுருதி பிசகல்' என்று பதிவானது.

"சார், முப்பது வருசமா வண்டி ஓட்டறேன். பீரோகாரன்கூட இவ்ளோ கேள்வி கேட்டதில்ல" என்றார் பாய். ஆனாலும் மூன்று வாரமும் வந்தார். சுவாரசியம் விடவில்லை என்று நினைக்கிறேன்.

நாற்பத்திரண்டும் தேறின. சனிக்கிழமை மாலை நான் தேவாலயத்தில் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வண்டி எங்கள் வாசலில் நின்றது. பேஸ் உள்ளே போயாகிவிட்டது. கதவில் சிவப்பு நூல், அதன்மேல் அரக்கு முத்திரை.

"ஒரு தடவை பாத்துக்கறேங்க."

"முத்திரை வெச்சாச்சு, ஆக்னஸ். இனிமே பெரம்பூர்லதான்."

ஞாயிறு காலை ஒன்பது ஐம்பதுக்கு ஹால் வாசலில் போய் நின்றோம். என் கணவர் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி ஒதுங்கி நின்றார். உள்ளே பார்த்தேன். என் பேஸைச் சுற்றி, வண்டித் தரையோடு சேர்த்துப் பொருத்திய ஒரு இரும்புக் கூண்டு. இடுப்பில் இரண்டு பட்டை, கழுத்தின் அடியில் ஒன்று, தலையில் ஒன்று. எல்லாவற்றிலும் பஞ்சு வைத்து அழகாகத்தான் செய்திருந்தார்கள். தந்திகள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சரி, கழட்டுங்க" என்றேன்.

ஸ்பேனரோடு வந்த ரகுநாதன் நட்டைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். "வெல்டிங் வெச்சிருக்கோம் இல்ல?"

"நட்டு லூசாகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வெட்டணும்னா கட்டிங் மெஷின் வேணும். பொறி பறக்கும். மரம் வேற..."

என் கணவர் சோதனைத் தாளை எடுத்தார். முன்பக்கம் படித்தார், திருப்பினார், மறுபடியும் முன்பக்கம் வந்தார். ஏற்றுவதற்கு ஒன்பது அம்சம், கட்டுவதற்குப் பன்னிரண்டு, ஓட்டத்துக்கு இருபத்தொன்று. இறக்குவதற்கு ஒன்றும் இல்லை. ஃபேக்டரியில் வண்டி கேட்டைத் தாண்டினால் அவர் வேலை முடிந்தது. முப்பது வருடமாக எதையும் எங்கும் போய் அவர் இறக்கியதே கிடையாது.

ஷவுகத் அலி பாய்தான் மெதுவாகச் சொன்னார். "சார், ஒவ்வொரு வாட்டியும் கயித்த அவுத்தா ரகு சாரு அவரே எறங்கிக்கினாரு. இது எறங்குமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. "பதினோரு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். பத்தரைக்கு அந்த ஆள் வந்துடுவார். நீங்க உங்க பேப்பரைக் கட்டிக்கிட்டு அழுங்க!" என்று ரோட்டிலேயே கத்தினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

பத்து இருபது ஆனது. சத்தம் கேட்டு வித்யா மாடியிலிருந்து இறங்கி வந்தார். வண்டியையும் கூண்டையும் பார்த்தார்.

"மேல கொண்டு வர முடியாதா?"

"வண்டியோட வேணா வர்லாம்மா" என்றார் பாய்.

வித்யா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "கை எட்டுதா மேடம்? எட்டினா இங்கேயே வாசிங்க."

ஸ்டெப்னி டயரை உள்ளே உருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். கழுத்தின் அடியில் பட்டை இருந்ததால் மேல் ஸ்வரங்கள் எதுவும் கிடைக்காது. கீழே இருப்பவை மட்டும் எனக்கு. வில்லை எடுத்து, இருப்பதிலேயே தாழ்ந்த தந்தியை இழுத்தேன்.

வண்டி முழுவதும் பேசியது. கூண்டு அதிர்ந்தது, தகரம் அதிர்ந்தது, நான் உட்கார்ந்திருந்த டயர்கூட அதிர்ந்தது. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு திரும்பினார்கள். வித்யா மாடியைப் பார்த்துக் கைதட்டினார். இரண்டு வயலின்காரர்கள் இறங்கி வந்து, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கதை சொன்னார்கள். நான் உம் கொட்டினேன். அவர்கள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். அடுத்து என்ன என்பதுபோல நான் இழுத்தபோது, ஒரு வயலின் அதற்குப் பதில் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, விட்டுவிட்டேன்.

முடிந்ததும் வித்யா, "வர்ற ஞாயித்துக்கிழமைலேர்ந்து வாங்க மேடம். அந்தப் பத்தரைக்காரருக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "ஆனா சார், ரெண்டாவது மாடி. வண்டி வேண்டாம்."

திரும்பும் வழியில் நானும் அவரும் பேஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தோம். வீட்டுக்குப் போய்க் கைரம்பத்தால் நிதானமாகக் கூண்டை அறுத்துவிடலாம் என்று ரகுநாதன் சொல்லியிருந்தார். வில்லிவாக்கம் தாண்டியதும் என் கணவர் தாளை முழங்காலில் வைத்து, வண்டிக் குலுக்கலில் கோணல்மாணலாக எழுதினார்: "43. இறக்குதல்: தேறவில்லை. பொறுப்பு: அழகேசன்." கையெழுத்தும் போட்டார். தன் பெயருக்கு நேரே 'தேறவில்லை' என்று அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

"ஆக்னஸ், பதினோரு வருஷமா இதைத் தனியாவா வாசிச்சுக்கிட்டிருந்தே?"

"ஆமா."

"நீ வாசிக்கிறதுதான் முழுப் பாட்டுன்னு நெனச்சேன்" என்றார். என் கோபம் அத்தோடு போய்விட்டது. போகக் கூடாது என்று பிடித்துவைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

மறுநாள் காலை கீரைக் கூடை வாசலுக்கு வந்தபோது, எனக்கு முன்னால் அவர் போய் நின்றார்.

"ஏம்மா, அந்த வெண்டர் பெட்டில ஏத்தறதுக்கு எவ்ளோ நேரம் கெடைக்கும்?"

"ஏத்தறத வுடு நைனா, ஏறிக்கும்" என்றாள் வேம்புலியம்மாள், கீரைக் கட்டைப் பிரித்தபடி. "எறக்கத்தான் ஆள் வோணும். பெரம்பூர்ல நான் கீறேன். அந்தாண்ட புடிக்க நீ வா."

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, அதைத் திரும்பப் பைக்குள் செருகினார்.

"வர்றேன்மா" என்றார்.