இராகுகாலத்தில் நின்ற கியூ

…'நீர்' என்றாள் நிவேதனா, நெருங்கிப் பழகியவர்களுக்குச் சொல்கிற 'நீர்', அதைத்தான் தாங்கமுடியவில்லை, 'நிருஷன், நீர் சாப்பிட்டீரோ' என்று எவ்வளவு இலேசாகக் கேட்டுவிட்டுப் போகிறாள், பிரணவனுக்கு மட்டும் இரண்டு வருடமாக 'நீங்கள்', வங்கி முகாமையாளருக்குப் போடுகிற அதே 'நீங்கள்', இதை மரியாதை என்று நினைத்து இவ்வளவு காலமும் உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்த மடையன் யார், வேறு யார்… மூன்று பேருக்கும் ஒரே அறை, கோப்பாயில் உரக்கடைக்கு மேல்மாடி, கீழேயிருந்து எந்நேரமும் பூச்சிமருந்து மணம். நிவேதனாவின் மேசை யன்னலோரம், நிருஷனுடையது அவளுக்கு நேர் எதிரே, பிரணவனுடையது சேர்வருக்குப் பக்கத்தில், அதன் சூடு முழுக்க அவன் முழங்காலுக்கு. யார் ஒதுக்கிய இடம்? அவனே கேட்டு வாங்கியது, வந்த முதல் நாள், சேர்வருக்குப் பக்கத்தில் இருந்தால் பெரிய ஆள் மாதிரித் தெரியும் என்று. தெரிந்தது, அதனால்தான் 'நீங்கள்'. சீவரத்தினத்தாரின் கம்பனி சாதகம் பார்க்கிற கம்பனி. பெற்றோர் பொடியனின் சாதகத்தையும் பெட்டையின் சாதகத்தையும் கைபேசியில் அனுப்புவார்கள், அது ஒரு செய்தியாக வந்து கியூவில் நிற்கும், பொருத்தம் பார்க்கிற புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டு இரண்டு வீட்டுக்கும் முடிவை அனுப்பும். கியூக்களுக்குப் பொறுப்பு பிரணவன். இப்போது அந்தக் கியூவில், அவன் முழங்காலைச் சுட்டுக்கொண்டிருக்கிற அதே பெட்டிக்குள், நிருஷனின் சாதகமும் நிவேதனாவின் சாதகமும் ஒரே செய்தியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

நிற்கத்தான் வேண்டும், வெள்ளிக்கிழமை இராகுகாலம், பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் திறக்கலாம். உலகத்தில் வேறெந்தக் கம்பனியிலாவது இப்படி ஒரு கியூ இருக்குமா… முன்னர் இருக்கவில்லை, உடுவிலில் ஒரு தாய்க்கு 'பொருத்தம் உத்தமம்' என்ற முடிவு இராகுகாலத்தில் போய்ச் சேர, மனுசி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையே வேண்டாம் என்றுவிட்டார். அன்றைக்கே சீவரத்தினத்தார் மாடிப்படி ஏறி வந்தார். "தம்பி, உந்த நேரத்திலை ஒண்டும் வெளியிலை போகப்படாது." ஆக்கள் அனுப்புறதையும் நிப்பாட்டவோ என்று இவன் கேட்டதற்கு ஒரு நிமிசம் யோசித்தார். "அவை அனுப்பட்டும். கேக்கிறதிலை ராகுவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, மறுமொழி சொல்லுறதிலைதான்." நல்லகாலம், கியூவுக்கு அப்படியும் ஒரு குணம் உண்டு, போடுவதற்குத் தடை வேறு, எடுப்பதற்குத் தடை வேறு, ஒவ்வொரு நாளும் பஞ்சாங்கப்படி எடுப்பதற்குத் தடை போட்டுத் திறக்கிற வேலைக்காகத்தான் பிரணவன் நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தான் போல. காலையில் நிருஷன் வந்து தோளில் கை போட்டபோதும் இவன் பஞ்சாங்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அப்பா ஒண்டு அனுப்பினவர். நிவேதனாவின்ரையும் என்ரையும்."

"எந்த நிவேதனா?" கேட்டான், வாய் கேட்டது, உலகத்தில் ஒரு நிவேதனாதான் என்று தெரிந்தும்.

"உங்கை யன்னலுக்குப் பக்கத்திலை இருக்கிறாவே, அவ. அவவின்ரை மாமா டென்மார்க்கிலையிருந்து வந்து நிக்கிறார், பின்னேரம் வெளிக்கிடுறாராம். அதுக்குள்ளை முடிவு போனால் பேசி முடிப்பினம். போகாட்டில் அடுத்த வருசம்தான், அதுக்குள்ளை வேறை ஆரும் வந்திடுவாங்கள். முன்னுக்குத் தள்ளிவிடன்."

முன்னுக்குத் தள்ளவாம். முன்பு தள்ளலாம், கியூ அப்போது முன்னுரிமைப்படி ஓடியது, பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை, இலக்கம் போட்டுத் தந்தவர் சீவரத்தினத்தார்: கனடா மாப்பிள்ளை ஒன்பது, லண்டன் எட்டு, உள்ளூர் டாக்குத்தர் ஏழு, வங்கி ஐந்து, கம்பியூட்டர் இரண்டு. "கம்பியூட்டர் எண்டால் இப்ப வீட்டுக்கு வீடு தம்பி, குறை நினையாதையும்." குறை நினைக்கவில்லை, இலக்கத்தைத் தானே தட்டச்சும் செய்தான். பிறகு கனடாக்காரர் நிற்காமல் வந்துகொண்டேயிருக்க, இரண்டுகள் எல்லாம் அடியில் கிடந்து பாசி பிடிக்க, வந்த ஒழுங்கில் எடுக்கிற கியூவாக மாற்றவேண்டி வந்தது. ஆனால் அந்த இலக்கங்கள் மனதில் மாறவில்லையே… ஒரு ஒன்பதிடம் தோற்றிருந்தால் எவ்வளவு வசதி, அது நாட்டின் பொருளாதாரம், அதைப் பற்றித் தேநீர்க்கடையில் கூட நியாயம் கதைக்கலாம். நிருஷனும் இரண்டு. ஒரே படிப்பு, ஒரே சம்பளம், பல்லுக்கூட இவனுக்குத்தான் வரிசை. இரண்டிடம் இரண்டு தோற்றால் யாரைக் குறை சொல்வது? சிரிப்பான், அதுதான் அவனிடம் இருப்பது, எதற்கும் சிரிப்பான், மாதிரிக் கியூ என்று ஒன்று உண்டு, தேவைப்பட்ட நேரம் அதைப் பார்த்து ஒரு தற்காலிகக் கியூ முளைக்கும், வேலை முடிந்ததும் காணாமல் போகும், நிருஷனின் சிரிப்பும் அந்த வகை என்று எவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தான். தான் யார் அப்போது, தொலைக் கியூவா, ரொறன்ரோக் கிளைக்கு இருப்பது போல, பெயர் மட்டும் இங்கே, உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை… இரண்டு வருடத்தில் அவளிடம் என்ன சொன்னான்? 'பிரிண்டரிலை பேப்பர் முடிஞ்சுது' என்று சொன்னான். அவள் 'சொன்னதுக்கு நன்றி, நீங்கள் இருங்கோ, நான் போடுறன்' என்றாள். அந்த இரவு அவனுக்கு நித்திரை வரவில்லை.

ஒரு செய்திதானே. காணாமல் போனால் என்ன? சேராத செய்திகள் போய் விழுகிற கியூவுக்குத் தள்ளிவிடலாம், ஆனால் அதைச் சீவரத்தினத்தார் ஒவ்வொரு மத்தியானமும் மரண அறிவித்தல் பார்ப்பதுபோல ஒன்று விடாமல் பார்ப்பார். காலாவதி நேரம் வைக்கலாம், அதற்கும் முன்னமே சொல்லிவிட்டார், 'சாதகம் என்ன பாணே தம்பி, பழுதாப்போக' என்று. பிறகு… பிறகு நிலைப்பு என்ற குணம் இருக்கிறது. நிலையான செய்தி சேர்வரின் வன்வட்டில் எழுதப்படும், சேர்வர் விழுந்து எழும்பினாலும் இருக்கும். நிலையற்றது நினைவில் மட்டும் நிற்கும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும், தடயமும் இருக்காது. கரண்ட் போவது கோப்பாயில் புதினமா? ஒரு கேள்வி கேட்பார்களா? அந்த ஒன்றை மட்டும் எடுத்து, நிலையற்றதாகத் திரும்பப் போட்டு, சேர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் முடிந்தது, மாமா டென்மார்க்குக்குப் போய்விடுவார். எடுப்பதென்றால் தடையை நீக்க வேண்டும், இராகுகாலத்தில். அவனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, இருந்தும் கை ஒரு கணம் நின்றது, பிறகு நல்ல காரியத்துக்குத்தானே இராகுகாலம் பார்ப்பது என்று நினைவு வந்தது, இதை நல்ல காரியம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். பொருத்தம் பார்க்கிற புரோகிராமை நிறுத்திவிட்டுத் தடையை நீக்கினான், எடுத்தான், போட்டான், மறுபடி தடை வைத்தான். உலகம் அப்படியே இருந்தது, கீழே யாரோ யூரியா விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனிச் சேர்வரை நிறுத்துவதுதான் மிச்சம். விரல் பொத்தானுக்குப் போனது…

"பிரணவன்."

நிவேதனா, மேசைக்குப் பக்கத்தில், கையில் தண்ணீர்ப் போத்தல், எப்போது எழுந்து வந்தாள்? நிருஷன் கதிரையில் இல்லை, தேநீருக்குப் போயிருப்பான்.

"நிருஷனின்ரை அப்பா அனுப்பினது உள்ளுக்கு நிக்குதோ?"

"ஓம்."

"இடைக்கிடை ஒண்டிரண்டு துலைஞ்சும் போகுமோ?"

இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பான். இரண்டு வருடம், ஒரு செய்தி தொலைந்ததில்லை, ஒரு சாதகம் மாறிப் போனதில்லை, அவனுக்கென்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பெருமை, அதைப் போய் இவள்… அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ரை கியூவிலை ஒண்டும் துலையாது."

"கரண்ட் போனாலுமோ?"

"கரண்ட் போனாலும். எல்லாம் வட்டிலை எழுதித்தான் வைக்கிறது, பெட்டி எரிஞ்சால்தான் உண்டு."

"ஓ," என்றாள். போத்தல் மூடியைத் திறந்து மூடினாள். "நல்லாத்தான் செய்து வைச்சிருக்கிறியள்."

போய்விட்டாள். நல்லாத்தான். செய்து வைச்சிருக்கிறியள். நிருஷனுக்கு எப்போதாவது சொல்லியிருப்பாளா, அவன் செய்த கைபேசித் திரைகளில் பொத்தான்கூட நேராக நிற்பதில்லை… நெஞ்சுக்குள் என்னவோ பொங்கியது, அந்தப் பொங்கலிலேயே தெரிந்தது, இனிச் செய்தியைத் தொலைத்தால் அவளிடம் பொய் சொன்னதாகிவிடும், அவனை அவள் பாராட்டிய ஒரே விடயம் பொய்யாகிவிடும். தடையை நீக்கி மறுபடி எடுத்தான், நிலையானதாகப் போட்டான், தடை வைத்தான், இருமுறை சரிபார்த்தான். வட்டில் எழுதப்பட்டிருந்தது. இரண்டு பெயரும். நிருஷனை வாழவைத்ததில் ஒரு பெருந்தன்மைகூடத் தெரிந்தது, அதை யாரும் அறியமாட்டார்கள் என்பதில் ஒரு எரிச்சலும்.

கீழேயிருந்து சீவரத்தினத்தாரின் குரல், "தம்பி, பன்ரண்டு தாண்டீட்டுது, திறந்துவிடும்." திறந்தான். புரோகிராமை மறுபடி ஓடவிட்டான், கியூவின் ஆழம் மளமளவென்று இறங்கிப் பூச்சியத்தில் நின்றது. மாடிப்படியில் நிருஷனின் கைபேசி அடித்தது, அவன் "ஓமப்பா… ஓமப்பா" என்றபடியே உள்ளே வந்து பிரணவனின் தோளைப் பிடித்து உலுக்கினான், "பத்துக்கு எட்டு மச்சான், மாமாவுக்கும் சம்மதமாம்," என்று காதுக்குள் சொல்லிவிட்டு மறுபடி படிக்கு ஓடினான். எட்டு. பிரணவன் யன்னல் பக்கம் பார்த்தான், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான், வெட்கப்படுவாள், அதையும் பார்த்துத் தொலைப்போம் என்று. நிவேதனாவின் கைபேசி மேசையில் வெளிச்சம் போட்டு அணைந்தது, மறுபடி வெளிச்சம் போட்டது, அவள் எடுக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரையில் ஒன்றும் அசையவில்லை. ஏன் எடுக்கவில்லை? வீட்டிலிருந்துதானே இருக்கும்… எத்தனை தாய் தகப்பன் தொலைபேசியில் கேட்டிருப்பார்கள் இவனிடம், எல்லோரும் 'பத்திரமா இருக்குதோ தம்பி' என்றுதான் கேட்பார்கள். இவள் மட்டும் தொலையுமா என்று தொடங்கி, இல்லையென்றதும் கரண்டைக் கொண்டுவந்து, அதுவும் இல்லையென்றதும்… பயந்திருப்பாள், பயந்தவர்களும் அப்படிக் கேட்பார்கள்தானே. ஆனால் பயந்தவளுக்குத் தொலையாது என்று சொன்னால் முகம் தெளிய வேண்டாமா? தெளிந்ததா? அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கியூவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், அந்த 'ஓ' எப்படி விழுந்தது, மேலே போனதா, கீழே போனதா… அவளிடமே போய்க் கேட்கலாம், ஏன் கேட்டீர் என்று. எழுந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். "பிரிண்டரிலை பேப்பர் இருக்குதோ," என்றான் பிரணவன்.