என்ரை இல்லை

“மெல்ல அக்கா, மெல்ல. தாடை இறுகமுதல் போட்டிட வேணும்,” என்றாள் முதியோர் இல்லத்துப் பராமரிப்பாளர் ஞானசவுந்தரி.

ஜெயந்தா செத்துக்கிடந்த தகப்பனின் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துப் பொய்ப்பல்லை உள்ளே தள்ளினாள். ஏறவில்லை. மறுபடி தள்ளினாள். ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. சவப்பெட்டி வந்துவிட்டது. தகப்பன் குருசுமுத்துவைப் பொக்கை வாயோடு அல்லைப்பிட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோக அவளுக்கு மனமில்லை. என்ன வாய் அது! மனுசன் வள்ளத்தில் நின்று கூப்பிட்டால் கரையில் நாய் குரைக்கும்.

அந்த வாய்தான் போன வருசம் அடங்கிப்போனது. கடதாசிச் சீட்டு விளையாட்டில்லை, பகிடியில்லை. சோறு சிந்துகிறதென்று மேசையில் மற்றவர்கள் சிரிக்க, கஞ்சிக் கோப்பையோடு சுவரைப் பார்த்துக் குந்தத் தொடங்கினார். ஜெயந்தா வரும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு ஒரே பேச்சு: “இது என்ரை இல்லை, பிள்ளை. என்ரை இல்லை.”

இந்த இடத்தைத்தான் சொல்கிறார், கொண்டுவந்து விட்ட கோபத்தில் அழுகிறார் என்று நினைத்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்தியும் விட்டாள். “உங்கடை இல்லைத்தான்! வேறை எங்கை போகப்போறியள்? என்னாலை ஏலாதப்பு!” அதற்குப் பிறகு அவர் அதையும் சொல்லவில்லை.

இப்போது பல்லைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். “தங்கச்சி, இது அப்புவின்ரை பல்லோ?”

ஞானசவுந்தரி வாங்கிப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. “எல்லாரின்ரையும் ஒரே பேசினுக்கைதான் போட்டுக் கழுவுறனாங்கள், அக்கா. எமிலியானுஸ் ஐயாவின்ரையோடை மாறிப்போயிருக்கும். அவர் நினைவு தப்பின ஆள், எதைப் போட்டாலும் பேசாமல் இருப்பார்.”

“அவரிட்டை வாங்கிக்கொண்டு வாரும்.”

“அவர் மாசியிலை மோசம் போயிட்டார், அக்கா. பல்லையும் போட்டுத்தான் பெட்டியை மூடினவை.”

ஐயோ என்று கத்த வேண்டும் போல இருந்தது ஜெயந்தாவுக்கு.

“பெட்டியை உள்ளை கொண்டுவரட்டோ?” என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

அவள் தகப்பனின் காதருகே குனிந்தாள்.

“ஓமப்பு,” என்றாள். “உங்கடை இல்லைத்தான்.”

பிறகு பல்லைப் போடாமலே, தன் கைலேஞ்சித் துணியை மடித்து அந்த வாயைக் கட்டினாள்.