நாலு பேருக்கு ஒரு குரல்

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டில் நான்கு பேருக்குச் சேர்த்து ஒரே குரல் என்று ஆவதற்கு முன்பு கடைசியாக நடந்த சாதாரணக் காரியம், அற்புதம் ஒரு கைக்குட்டையைத் துவைத்துக் கப்பலின் மேல்தளத்துக் கம்பியில் காயப்போட்டது. அங்கே துணி உலர்த்தக் கூடாது என்று வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து சொன்னாள். அற்புதம் கைக்குட்டையை எடுத்துத் தன் தலையில் விரித்துக்கொண்டாள். தலையில் உலர்த்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதே நேரத்தில் மலைமேல், காப்பி உலரும் களத்தில், அவள் கணவர் கிறிஸ்துதாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கப்பலுக்கு அவர்கள் காசு கொடுத்துப் போகவில்லை. அற்புதத்தின் தங்கை ஆன்மேரியின் புருஷன் எல்வின் உரக்கடை வைத்திருந்தான். சொன்ன அளவுக்கு மேல் உரம் விற்றதற்காக ஒரு கம்பெனி நான்கு பேர் படுக்கும் அறை ஒன்றை அவனுக்குப் பரிசாகக் கொடுத்தது. சென்னையில் ஏறிக் கடலைச் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்க வேண்டியது. எல்வின், ஆன்மேரி, எல்வினின் கூட்டாளியான ஜீப் டிரைவர் ஜாபெஸ், நான்காவதாகக் கிறிஸ்துதாஸ் என்றுதான் பேச்சு. அவர் எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். "களத்துல காப்பி கெடக்குது, நான் எங்க வர்றது? நீ போயி கடலப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று மனைவியை அனுப்பிவைத்தார்.

கரை மறைந்ததும் போனில் டவர் போய்விடும்; கப்பலில் நெட்டுக்குத் தனி விலை. விலையைக் கேட்ட ஜாபெஸ், "இந்தக் காசுக்குப் பொட்டாஷ் வாங்கிக் கடல்ல கரைச்சா மீனாச்சும் கொழுக்குமுங்க" என்றான். நான்கு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்கினார்கள். ஒரு நேரத்தில் ஒரு போன்தான் உள்ளே இருக்கலாம், இன்னொருவர் அதே பாஸ்வேர்டு போட்டு நுழைந்தால் முன்னவர் தானாக வெளியே வந்துவிடுவார் என்று கவுண்டரில் இருந்த பெண் விளக்கினாள். கப்பலில் மற்ற ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். கொட்டச்சேட்டுக்காரர்களுக்கு அது கைவராது. கோடையில் ஊற்று சுண்டி, ஊரே ஒரு குழாய்க்கு முறைவைத்து நிற்கும்போது, முறைக்காரர் தூங்கிப்போனாலும் சரி, குடம் நிறைந்து தண்ணீர் வழிந்தோடினாலும் சரி, அடுத்தவர் அந்தக் குழாயில் கைவைப்பதில்லை. வைத்தவளுக்குத் திருடி என்று பேர் விழும். அந்தப் பேர் அவள் மகள் கல்யாணம்வரை கூட வரும். ஆகவே நெட்டுக்கும் முறை வைத்தார்கள். மதியம் எல்வினுக்கு, விளக்கு வைக்கிற நேரம் அற்புதத்துக்கு.

எல்வின் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். படுக்கும் முன் கடலை வீடியோ எடுத்து ஊரில் எல்லோருக்கும் அனுப்பத் தொடங்கியிருந்தான். அவன் குறட்டை விட்டான்; மார்பில் கிடந்த போனிலிருந்து கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் நின்ற அற்புதம் ஏனோ மனசு சரியில்லாமல் அறைக்கு இறங்கி வந்தாள். கையில் போன் இருந்தது, பாஸ்வேர்டும் தெரியும்.

"அவரு மொற முடியட்டும்க்கா" என்றாள் ஆன்மேரி.

அற்புதம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். முறை வந்து அவள் உள்ளே நுழைந்ததும், கிறிஸ்துதாஸின் தவறிய அழைப்புகள் கிளையை உலுக்கிய மாதிரி மொத்தமாக உதிர்ந்தன. கடைசியாகக் களத்துக் காவல்காரன் சென்றாயனின் செய்தி. ரைட்டர் போய்விட்டார் என்று அதில் இருந்தது.

கிறிஸ்துதாஸ் ஒரு சொல்லும் பதிந்து வைத்திருக்கவில்லை. எதிரே ஆள் இல்லாமல் பேசுகிறவன் பைத்தியக்காரன் என்பது அவர் எண்ணம். "ஜீப்புக்கு ஆளு அனுப்பட்டுங்களான்னு கேட்டனுங்க. இருடா, அவகிட்ட ஒரு வார்த்த பேசிக்கறேன்னாரு. போனக் காதுல இருந்து எடுக்கவே இல்லீங்க" என்று சென்றாயன் பிறகு சொன்னான். அந்த ஒரு வார்த்தை என்ன என்று அவனுக்கும் தெரியவில்லை.

கப்பல் தன் பாட்டுக்குத் திரும்பி வந்து, அவர்கள் மலையேறியபோது கிறிஸ்துதாஸ் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அற்புதம் பெட்டிமேல் விழுந்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தியும் காற்றுகூட வரவில்லை. பக்கத்தில் ஆன்மேரியின் வாயும் அப்படியே சத்தமில்லாமல் திறந்து கிடந்தது. வாசலில் எல்வின் போனில் பேசிக்கொண்டிருந்தான்: "ஆமாங்க, சகலைதானுங்க. இல்லீங்க, கப்பல் நொம்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க." அதைக் கேட்டதும் அற்புதத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது: கப்பல் நெட்டைப்போலவே இப்போது நான்கு பேருக்கும் குரல் ஒன்றுதான், அது அவனிடம் இருந்தது, பிடுங்கினால்தான் வரும். அதுவரை அவனைத் தம்பி வாங்க, தம்பி சாப்பிடுங்க என்றே அழைத்தவள், பெட்டிக் கண்ணாடியை ஓங்கி அறைந்து, "வாய மூடுடா!" என்று கத்தினாள். இந்த முறை சத்தம் வந்தது. வாசலில் எல்வினின் பேச்சு சொல் நடுவில் அறுந்தது. அதற்குப் பின் அவள் குரலை யாருக்கும் விடவில்லை.

விடாமல் பேசினாள். சோறு மெல்லும்போது வாய்க்குள் முணுமுணுத்தாள், தூக்கத்தில் வைதாள். காப்பிச் செடிக்கு இடையே நின்று, மதியச் சோற்றையும் குறட்டையையும், கடலை வீடியோ எடுக்கிறவர்களையும் திட்டினாள். சேலத்தில் ஒரு டாக்டர் நான்கு பேர் தொண்டையிலும் விளக்கடித்துப் பார்த்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். ஜாபெஸ் ஹாரனிலேயே பேசக் கற்றான். ஒன்று நீளமாக அடித்தால் வழி, இரண்டு குட்டையாக அடித்தால் நலமா. எல்வின் கடைக்கு வந்தவர்கள் மூட்டையைத் தொட்டுக் காட்டி வாங்கினார்கள். ஊர் இதைக் கரண்டு இல்லாத நாளைப்போல எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் மிளகு விலை ஏறியது.

பாதிரியார் வந்து, காலையில் எல்வின் வியாபாரத்துக்கு, மாலையில் ஆன்மேரி ஜெபத்துக்கு என்று குரலுக்கும் முறை வைத்துக்கொள்ளலாமே என்றார்.

"மொறைங்களா சாமி? மொற பாத்து மொற பாத்துத்தான் எம் புருசன் போன் போட்டுட்டே செத்தாரு. இன்னொருக்கா இந்த ஊட்டுக்குள்ள அந்தச் சொல்லக் கொண்டாராதீங்க" என்றாள் அற்புதம். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு ஆன்மேரிக்குப் பிள்ளை வலி எடுத்தது. ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் மலர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, உங்க தங்கச்சி வாயத் தொறக்குது, சத்தமே வரல. வலி எப்ப ஏறுது எப்ப எறங்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வராந்தாவில் திட்டிக்கொண்டிருந்த அற்புதம் அதைக் கேட்டாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். உடனே உள்ளேயிருந்து ஆன்மேரியின் அலறல் வந்தது. ஓராண்டில் அதுதான் அவளுடைய முதல் சத்தம்.

வலி இறங்கியபோது குரல் யாரிடமும் இல்லாமல் நின்றது. எதிர்ச் சுவரோரம் எல்வின் நின்றிருந்தான்.

"அக்கா" என்றான். "அன்னிக்கி எம்மொறதானுங்க."

அற்புதத்தின் கண் சிவந்தது. அந்த நொடியே குரலைப் பிடுங்கியிருப்பாள். பிடுங்கிப் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது. அடுத்த வலி வரும்போது தங்கை மறுபடி ஊமையாகக் கிடப்பாள். பல் துணிக்குள் இறங்க இறங்கக் கடித்துக்கொண்டு நின்றாள். கேட்டே ஆக வேண்டியிருந்தது.

"நான் தூங்கிப்போயிட்டனுங்க. வேணும்னா செஞ்சேன்? நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. உங்க போன்ல ஒரு தட்டுத் தட்டியிருந்தா நான் வெளிய வந்திருப்பேன். ஏனுங்கக்கா தட்டலே? ஒரு வருசமா என்னையே வெய்யறீங்க, நீங்க மட்டும் தட்டி..."

உள்ளே ஆன்மேரி அலறினாள். அவன் பேச்சு அங்கேயே அறுந்தது. அலறலும் இடைவெளியுமாக மதியம் போயிற்று. பிறகு வந்த இடைவெளிகளில் எல்வின் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். கடைசியில் ஒரு பெண் குழந்தை அழுதது. அந்தக் குரல் பங்கில் சேராதது, அவளுக்கே சொந்தமானது. அவள் அழும்போது யார் பேச்சும் அறுபடவில்லை.

அற்புதம் முந்தானையை வாயிலிருந்து உருவினாள். துணியில் ரத்தம் இருந்தது.

"தட்டியிருந்தா ஊரே என்னத் திருடின்னு சொல்லியிருக்கும்டா. கண்ணு முழிச்சதும் மொத ஆளா நீதான் சொல்லியிருப்பே. மொறைகெட்டவளுன்னு எம் முகத்துக்கு நேரா நீதான் சொல்லியிருப்பே" என்றாள்.

எல்வின் உதடு அசைந்தது. இல்லை என்றானா ஆமாம் என்றானா தெரியாது.

அங்கே தொடங்கிய அந்தப் பதில் இன்னும் முடியவில்லை. குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. பெரியம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து, திட்டைக் கேட்டுக்கொண்டே காது மடலைப் பிடித்தபடி தூங்கும். காப்பி பறிக்கும் பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்து அவள் எந்த வரிசையில் இருக்கிறாள் என்று கண்டுகொள்கிறார்கள். எல்வின் கடையில் உர மூட்டைகளைச் சத்தமில்லாமல் எடுத்துப் போடுகிறான். கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அது முன்பிருந்தே அப்படித்தான்.