மந்திரித்த அரிசி

எழுபதாம் வருஷத்து ஆடியில் மண்ணூர்பேட்டை கங்கையம்மன் கழுத்துத் தாலிப்பொட்டு காணாமல் போயிற்று. அதோடு ஊரின் புத்தியும் போயிற்று. கூழ் ஊற்றி முடித்த மறுநாள் பூசாரி ஜெயராமன் சிலையின் புடவையைக் களைந்தபோது மஞ்சள் கயிறு அறுந்து கிடந்தது, தங்கப் பொட்டைக் காணோம். களைந்த புடவையை யாராவது ஒரு தரம் உதறிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. புரட்டாசியில்தான் உதறினார்கள், பொட்டும் விழுந்தது. அதற்குள் நடக்கக்கூடாததெல்லாம் நடந்து முடிந்திருந்தது.

போலீஸ் எதற்கு, அம்மனே காட்டிக் கொடுப்பாள் என்றார் பூசாரி. அதற்கு அந்த ஊரில் ஒரு வழி உண்டு. சந்தேகப்பட்டவர்கள் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்து அம்மன் முன்னால் நிற்க வேண்டும். மந்திரித்த பச்சரிசியை ஒரு பிடி வாயில் போட்டு மென்று வாழையிலையில் துப்ப வேண்டும். குற்றமில்லாதவன் துப்பியது பாலாக விழும். திருடனுக்கு வாய் உலர்ந்துபோகும், அரிசியில் ரத்தம் வரும். சந்தேகம் பந்தல்கால் நட்ட ஐந்து பேர் மேல் விழுந்தது. ஐந்து பேரும் காலனிக்காரர்கள். பந்தலுக்குள் நின்று கற்பூரம் ஒற்றிக்கொண்ட பெரிய வீட்டுக்காரர்களைச் சந்தேகப்பட யாருக்கு வாய் வரும்?

ஐந்து பேரில் பேபியின் புருஷன் முனியனும் ஒருவன். சேதி கேட்டதுமே பேபி பயந்தாள். அவன் திருடியிருப்பான் என்றல்ல. அவன் வாயை அவளுக்குத் தெரியும்.

முனியன் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் உலை முன்னால் வேலை செய்பவன். பீடி வேறு. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் வறண்டே கிடக்கும். ஈறில் சீழ் வைத்து, பல்லெல்லாம் ஆடி, காலையில் தலையணையில் ரத்தக்கறையோடு எழுந்த காலம் உண்டு. பல் கெட்டியாகட்டும் என்று செங்கல் தூளைப் போட்டுத் தேய்த்து, இருந்த ஈறையும் அவனே கரைத்துக்கொண்டான். பேபிதான் அவனைப் பூந்தமல்லி பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மருந்து போட்டுட்டு மறந்துடற வியாதி இல்லம்மா இது," என்றார் டாக்டர். "ஆயுசுக்கும் கவனிக்கணும். எச்சில் ஊறாத வாயில ஈறு சீக்கிரம் அழுகும். அடிக்கடி தண்ணி குடிக்கச் சொல்லு. பீடியை விடச் சொல்லு. நான் வரச் சொல்றப்பல்லாம் வந்து பல்லைச் சுத்தம் பண்ணிக்கணும்."

அன்றைக்கே செங்கல் தூளைச் சாக்கடையில் கொட்டினாள். பீடிக்கட்டை அடுப்பில் போட்டாள். மெத்தென்ற பிரஷ் வாங்கினாள். காலையும் ராத்திரியும் வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் வைத்து, அவன் கொப்பளித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மூன்று வருஷம், கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல அந்த வாயைப் பார்த்துக்கொண்டாள். பல்லெல்லாம் நிலைத்து நின்றன. முறுக்கு, பட்டாணி கடித்தால் மட்டும் இன்னும் ரத்தம் கசியும். வாய் நாற்றக்காரன் என்று சிரிப்பார்களே என்று வெளியில் மூச்சு விடவில்லை.

ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் கோயில் தர்மகர்த்தா கோதண்டம். பூந்தமல்லியில் அதே டாக்டர் வாசல் பெஞ்சில், துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அவருக்கும் அதே வியாதி. "யாராண்டயும் சொல்லாத பேபி. ஊர் பெரிய மனுசன் நான்," என்று கெஞ்சினார். அவளும் சொல்லவில்லை. வாக்கு வாக்குதான்.

அந்த நம்பிக்கையில் விடிந்ததும் இருவரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"நைனா, உனக்குத் தெரியும் இல்ல. அரிசி மென்னா எனுக்கு ரத்தம் வரும். நீ ஒரு வார்த்த சொல்லிடு," என்றான் முனியன்.

"போய் மெல்லுடா. ரத்தம் வந்தா நான் சொல்லிக்கிறேன்," என்றார் கோதண்டம்.

ஊரே கூடியிருந்தது. ஐவரில் முதலில் வேம்புலி மென்றான். பயத்திலும் அவனுக்கு எச்சில் ஊறியது. வெள்ளையாகத் துப்பிவிட்டு ஒதுங்கினான். அடுத்த மூன்று பேரும் அப்படியே தப்பினார்கள். முனியன் வாயில் போட்ட அரிசி மணலாக நின்றது. விடிந்ததிலிருந்து ஒரு முழுங்கு தண்ணீர் இல்லை. கடைவாயில் தள்ளி மென்றான், நொய் ஈறில் குத்தியது. துப்பினான். பாதி காய்ந்த அரிசி. மீதி சிவப்பு.

கூட்டம் ஓவென்று இரைந்தது. முனியன் கோதண்டத்தைப் பார்த்தான். பேபியும் பார்த்தாள். அவரோ அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வியாதியைச் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று நாலு பேர் கேட்பார்களாம். அந்த வெட்கத்துக்கு ஒரு மனிதனைக் காவு கொடுத்தார் அந்த மகானுபாவர்.

அவர் தம்பி மகன் பால்ராஜ் முனியனைப் பந்தல்காலில் சேர்த்துக் கட்டினான். "பொட்டு எங்கடா?" என்று கேட்டு வாயிலேயே குத்தினான். "தெர்லபா" என்று சொல்ல வாய் திறந்தபோது இன்னொரு குத்து. உதடு கிழிந்தது. அப்புறம் விறகுக் கட்டையை எடுத்தான். மூன்று வருஷம் பேபி உப்புத் தண்ணீர் வைத்துக் காப்பாற்றிய முன்பற்கள் ஒரே அடியில் மண்ணில் விழுந்தன. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. அம்மன் காட்டிக் கொடுத்த திருடனை அடிக்காதே என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தைரியமில்லை.

பேபி ஓடிப்போய்க் கோதண்டத்தின் காலைக் கட்டிக்கொண்டாள். "சொல்லு நைனா! உன் புள்ளைங்க நல்லாருக்கும், நீ சொல்லு!"

"இன்னாத்த சொல்ல? அதான் உன் புருசன் வாயே சொல்லிச்சே," என்று காலை உதறினார்.

பேபி எழுந்தாள். அவளுக்கு அழுகை நின்றுபோயிருந்தது. நேராகப் போய்த் தட்டிலிருந்த அரிசியை ஒரு பிடி அள்ளினாள்.

"அம்மன் நகைப் பொட்டிச் சாவி யார் இடுப்புல கீது? கால் நட்டவன் மென்னான். சாவி வச்சிருக்கறவன் மெல்ல வேணாமா?"

"ஆமா, அதானே!" என்றான் வேம்புலி.

கோதண்டம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அரிசியை அந்த வாயில் திணித்து, பின்னந்தலையை ஒரு கையாலும் தாடையை ஒரு கையாலும் பிடித்து அழுத்தினாள். பெரியவர் திமிறினார், பற்கள் நறநறத்தன. அவள் கையை எடுத்ததும் துப்பினார். வெள்ளை வேட்டி முன்மடிப்பெல்லாம் ரத்தம்.

பூசாரி தட்டைக் கீழே போட்டார். பால்ராஜ் கையிலிருந்த கட்டை தானாகத் தாழ்ந்தது. பிறகு வேம்புலி அந்தக் கட்டையைப் பிடுங்கினான். "உன் பாவத்துக்கு எங்கள மெல்ல வச்சியாடா?" என்று கேட்டு கோதண்டத்தின் முழங்காலில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் பேபிக்குக் கேட்டது. காலனிக்காரர்கள் பாய்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாங்கியதை அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்போல அடித்தார்கள். பால்ராஜ் சந்தில் ஓடி மறைந்தான்.

அப்போதுதான் முனியன் கத்தினான். பேபி கயிற்றை அவிழ்த்ததும் ஊர்ந்து ஊர்ந்து வேம்புலியின் காலைப் பிடித்தான். தன் வாயைக் காட்டினான், கோதண்டத்தின் வாயைக் காட்டினான். "ஈ... உ... ஈ..." என்று ரத்தமும் காற்றுமாகத்தான் வந்தது. இவருக்கும் ஈறு வியாதிதான், இவர் திருடவில்லை, அடிக்காதீர்கள் என்கிறான். ஊமையாகிப்போன அந்த வாய் சொல்வது அவளைத் தவிர யாருக்குப் புரியும்? பாவி மனுஷன், இந்த நிலைமையிலும் நியாயம் பேசுகிறான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வேம்புலி ஓங்கிய கட்டையை நிறுத்தினான். "இன்னா பேபி சொல்றான் உன் புருசன்?"

கோதண்டம் மண்ணில் கிடந்தபடி அவளை அண்ணாந்து பார்த்தார். காலையில் அவர் வீட்டு வாசலில் முனியன் பார்த்த அதே பார்வை. ஒரு வார்த்தைதான். அவள் சொன்னால் கட்டை இறங்காது.

"தண்ணி கேக்குறாரு," என்றாள் பேபி.

சொல்லிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனாள். முதுகுக்குப் பின்னால் கட்டை இறங்கியது. அவள் திரும்பாமல் பம்பை அடித்தாள்.