புள்ளி வைத்த நாட்கள்

காலை ஆறு மணிக்குச் சூப்பிரண்டம்மாவின் சர்க்கரை அளவு மூன்று வீடுகளில் வாசிக்கப்படும். மகன் தொடங்கிய வாட்ஸ்அப் குழு அது. பெயர் ‘அம்மா நலம்’. மகன், மருமகள், வெளிநாட்டில் இருக்கும் மகள் ஆகியோரோடு மகளின் மாமியாரும் அதில் இருந்தார். அந்த அம்மாள் எப்படி உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கருத்துச் சொல்வதில் எல்லாரையும் முந்திக்கொள்பவர் அவர்தான். எண் நூற்று முப்பதுக்குள் இருந்தால் கைதட்டும் பொம்மைகள் வரும். நூற்று ஐம்பதைத் தாண்டினால் முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், அதை யார் கொடுத்தார்கள் என்று விசாரணை தொடங்கிவிடும்.

சூப்பிரண்டம்மா காப்பீட்டு அலுவலகத்தின் கோப்புப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். கடைசி ஒன்பது வருடம் சூப்பிரண்டெண்டு. வேலை ஓய்ந்தும் பட்டம் ஓயவில்லை. அறுபத்தொன்பது வயதிலும் தெருவில் பால் போடுகிறவர் வரை சூப்பிரண்டம்மாதான்.

ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை, மருந்து, கதிர் என்று எல்லாம் பார்த்து எழுந்து வந்தார். அந்த நாட்களில் யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. கூடை கூடையாகப் பழம் வந்தது. மருத்துவமனை ஆண்டுவிழாவில் மேடையேற்றி, ‘போராளி’ என்று பொறித்த கேடயம் கொடுத்தார்கள். மறுவருடம் சர்க்கரை நோய் வந்தது. அதே உறவுக்காரர்கள் அதே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்து, “வாயைக் கட்டணும்மா” என்றார்கள். போராளி ஒரே நாளில் திருட்டுத்தீனிக்காரி ஆகிவிட்டார்.

இரண்டு டாக்டர்கள் பாடு வேறு. உடம்பு இளைத்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பது புற்றுநோய் டாக்டரின் உத்தரவு. ஐந்து கிலோ குறைத்தே தீர வேண்டும் என்பது சர்க்கரை டாக்டரின் உத்தரவு. கஷ்டப்பட்டு நடந்து மூன்று கிலோ குறைத்தபோது இவர் கைகுலுக்கினார், அவர் ஸ்கேன் எழுதினார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிய ஒன்பது நாளாயிற்று. அந்த ஒன்பது நாளும் சூப்பிரண்டம்மாவுக்குச் சோறு தொண்டையில் இறங்காமல் இன்னொரு கிலோ குறைந்தது. சர்க்கரை டாக்டர் மறுபடியும் கைகுலுக்கினார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மகன் போட்ட நிபந்தனைதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது டாக்டர் இன்சுலின் என்று சொல்லிவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் அப்பாவும் தன்னுடைய ஃப்ளாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவன் முடிவாகச் சொல்லிவிட்டான். கதிர் வைத்த காலத்தில் சூப்பிரண்டம்மா அங்கே நான்கு மாதம் இருந்து பார்த்தவர். பன்னிரண்டாவது மாடி. அவருக்கு ஒதுக்கிய அறையில் பாதியை உடற்பயிற்சி சைக்கிள் அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் துணி காயும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் எந்த அறையில் இருந்தாலும் மருமகள், “என்ன அத்தை வேணும்?” என்பாள். நல்ல பெண்தான், அக்கறையாகத்தான் கேட்பாள். நான்கு மாதம் அப்படிக் கேட்டதில் சூப்பிரண்டம்மா தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும். அதற்கு நோட்டுப் போட்டார். தேதி, நேரம், விரல், அளவு என்று நான்கு பத்திகள், அளவுகோல் வைத்துக் கோடு. இதில் விரல் பத்திதான் சிக்கல். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கம் என்பதால் இடது கையில் ஊசியே படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மீதி இருந்தது வலது கை. கட்டைவிரலைத் தள்ளினால் நான்கு விரல். காலையும் மாலையும் குத்தினால் ஒவ்வொரு விரலுக்கும் முறை வர இரண்டு நாள்தான். இரண்டாவது மாதம் விரல்நுனிகள் தோல் தடித்துப்போய், வெங்காயம் நறுக்கினால் தீயாய் எரிந்தன. ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை. பேனா பிடித்தால் எழுத்து கோணியது. கோணல் எழுத்து அவருக்குச் சர்க்கரையைவிடக் கேவலம்.

ஒருநாள் காலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு குத்த மனம் வராமல் உட்கார்ந்திருந்தபோது கணவர் பக்கத்தில் வந்து நின்றார். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவர். எல்லாருக்கும் மீட்டர்காரர். ஒல்லி உடம்பு. எழுபத்து மூன்று வயதில் ஒரு மாத்திரை கிடையாது. ரத்தம் சோதித்ததும் கிடையாது.

“எங்கிட்ட பத்து விரல் சும்மாதானே இருக்கு. இதுல குத்து.”

“உங்க ரத்தத்துல என் சர்க்கரை எப்படிங்க தெரியும்?”

“ரெண்டு பேரும் ஒரே பானைச் சோறு. ஒரே லைன்ல வர்ற கரண்டு ரெண்டு வீட்டுலயும் ஒண்ணாத்தான் இருக்கும்.”

சூப்பிரண்டம்மாவுக்கு இதில் எங்கேயோ ஓட்டை இருப்பது தெரிந்தது. விரல் வலித்ததால் அந்த ஓட்டையைத் தேடவில்லை. குத்தினார். நூற்று எழுபத்தாறு.

இருவரும் திகைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முந்தின இரவு சூப்பிரண்டம்மா என்ன சாப்பிட்டார் என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

“அந்த ரெண்டாவது ரொட்டி வேணாம்னு சொன்னேன்ல?” என்றார் மீட்டர்காரர், விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி.

“பாதிதாங்க தின்னேன்” என்றார் சூப்பிரண்டம்மா குற்ற உணர்வோடு. உண்மையில் மற்ற பாதியைத் தின்றவர் மீட்டர்காரர். அதை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. அந்த வீட்டில் சர்க்கரை என்றால் அது சூப்பிரண்டம்மாவின் இலாகா. அதை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கலாம் என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்கவில்லை.

அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மீட்டர்காரர் விரல். இப்படி ஆறு வாரம் ஓடியது. தன் விரல் என்றால் நூற்று இருபது, நூற்று இருபத்தெட்டு. அவர் விரல் என்றால் நூற்று எண்பது, சில நாள் இருநூறு. ஒருநாள் பத்தியம் இருப்பதும் மறுநாள் கோட்டை விடுவதுமாக இருக்கிறோம் என்று சூப்பிரண்டம்மா தன்னையே நொந்துகொண்டு, இரவுச் சோற்றை மூன்று கரண்டியாகக் குறைத்தார். மிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று மீட்டர்காரர் சாப்பிட்டார். குழுவில் மகள் அழுகிற பொம்மை போட்டாள். அவளுடைய மாமியார், மன உறுதி வேண்டும் என்று நான்கு நிமிடக் குரல்பதிவு அனுப்பினார்.

ஒன்றை மட்டும் சூப்பிரண்டம்மா விடவில்லை. கணவர் விரலில் எடுத்த நாட்களில், விரல் பத்தியில் பொய்யாக ‘நடு’ என்றோ ‘சுட்டு’ என்றோ எழுதக் கை வரவில்லை. அந்த இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்.

மூன்று மாதக் கெடு முடிந்த நாள் மகன் லீவு போட்டுவிட்டு வந்து இருவரையும் காரில் ஏற்றிப் போனான். போகிற வழியிலேயே, பெரிய அலமாரி லிஃப்டில் ஏறாது, சின்னது போதும் என்று பேச ஆரம்பித்துவிட்டான்.

சர்க்கரை டாக்டர் நோட்டைப் புரட்டினார். மகன் எதிரே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டாக்டர் அடுத்து ஆய்வகத் தாளைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி ஏழு. நல்ல அளவு. நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெற்றியைச் சுருக்கினார். புற்றுநோய் மருந்தெல்லாம் எடுத்தவர்களுக்கு ரத்தம் குறைவாக இருந்தால் அந்தத் தாள் சில சமயம் தப்பாகக் காட்டும், அதனால் தினசரி நோட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்றார். மாத்திரையை இதற்குமேல் கூட்ட முடியாது, இன்சுலின் ஆரம்பித்துவிடலாம் என்றார்.

“நான் சொன்னேன்ல” என்றான் மகன்.

சூப்பிரண்டம்மா தாளை வாங்கிப் பார்த்தார். தான் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறோம் என்று தாள் சொன்னது. நோட்டை வாங்கி, விரல் பத்தியில் கையை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். புள்ளி வைத்த நாளெல்லாம் மேடு. புள்ளி இல்லாத நாளெல்லாம் சமதரை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இல்லாத சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு பன்னிரண்டாவது மாடிக்குப் போக வேண்டும். வாயைத் திறந்தால் முப்பத்து நான்கு வருடம் கோப்புக் காத்தவள், போலிப் பதிவு போட்டதைப் பெற்ற பிள்ளை முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். போலிப் பதிவுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் மனிதர் ஒன்றும் தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே.

“டாக்டர், இந்தப் புள்ளி வச்ச நாளெல்லாம் என் விரல் இல்ல. இவர் விரல்.”

டாக்டருக்குப் புரியவில்லை. சூப்பிரண்டம்மா முதலிலிருந்து சொன்னார், பானைச் சோறும் ஒரே லைன் கரண்டும் உட்பட. கேட்டு முடித்ததும் டாக்டர் நாற்காலியை நகர்த்தி, அந்த அறைக்கு ஐந்து வருடமாக வந்துபோகும் மீட்டர்காரரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். நர்ஸ் வந்து விரலில் குத்தினாள். காலை டீ குடித்து இரண்டரை மணி நேரம் ஆகியும் இருநூற்று அறுபத்திரண்டு.

“எனக்கா?” என்றார் மீட்டர்காரர். “நான் பாட்டுக்குத் துணைக்கு வந்தவன்மா.”

“ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறீங்கன்னு கேட்டதுக்கு, வயசாச்சுன்னீங்களே” என்றார் சூப்பிரண்டம்மா. கோபமாகச் சொல்ல நினைத்தவர், மனிதரின் விரலிலிருந்த பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்தார். தன் நோட்டில் ஆறு வாரமாக மனிதரின் நோய் தேதி போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்காகத் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சூப்பிரண்டம்மாவின் சீட்டில் எழுதியிருந்த இன்சுலினை அடித்தார். மீட்டர்காரருக்குப் புதுச் சீட்டு எடுத்து, சோதனைகள் எழுதினார். மகன் இரண்டு சீட்டுகளையும் வாங்கி மடித்தான். அப்படியென்றால் இரண்டு பேருக்குமே உடம்பு சரியில்லை, இன்னும் நல்ல காரணம், இந்த வாரமே வந்துவிடுங்கள் என்றான்.

சூப்பிரண்டம்மா அவனை மேலிருந்து கீழே பார்த்தார். நாற்பத்தாறு வயது. சட்டையின் நடுப் பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

“அம்மாவுக்கும் இருக்கு, அப்பாவுக்கும் இருக்கு. நீ யாருக்குப் பொறந்தே? அந்தம்மா ஊசியோடதான் நிக்குது. விரலை நீட்டுப்பா.”

“எனக்கெதுக்கும்மா இப்ப…”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான். வந்த நம்பரை அப்படியே குழுவுல போடு. உன் தங்கச்சி மாமியார் ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் யார் யார் வீட்டுக்கு வர்றதுன்னு பேசுவோம்.”

நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். மகன் எழுந்து, பார்க்கிங்கில் வண்டி குறுக்கே நிற்கிறது என்றான். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுச் சாவியைத் தேடினான். சாவி டாக்டர் மேசைமேல் கிடந்தது. மீட்டர்காரர் அதை எடுத்து நீட்டியும் அவன் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வீட்டுல இறக்கி விட்டுடு” என்றார் சூப்பிரண்டம்மா.

எந்த வீட்டில் என்று மகன் கேட்கவில்லை.